நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறதா? இப்படித் தொடங்குங்கள்

குறுவை நடவு வந்தாலே எங்கள் நீடாமங்கலம் பக்கம் இந்தப் பேச்சு காதில் விழும்: "சூடு பிடிச்சுக்கிச்சுக்கா, ஒண்ணுக்குப் போனா எரியுது." காலையில் வயலில் இறங்கினால் மதியம் வரை ஒதுங்க இடம் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. பழி மட்டும் வெயிலுக்கு! பெரும்பாலும் காரணம் குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. தான், ஆசனவாயும் பக்கத்திலேயே. உள்ளே ஏறிய கிருமியைச் சிறுநீர்தான் அடித்துக்கொண்டு போக வேண்டும். அடக்கினால் பையிலேயே பெருகும்.

முதலில், கடுப்பு வந்த தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள். 6 மாதத்தில் 2 முறை, அல்லது வருடத்தில் 3 முறை வந்தால் அதன் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். முந்தின நாள் நடவா, பஸ் பயணமா, தாம்பத்தியமா என்றும் எழுதுங்கள்.

அடுத்து, மாத்திரை போடும் முன் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் எந்தக் கிருமி இருக்கிறது, எந்த மாத்திரைக்கு அது அடங்கும் என்று பார்க்கும் டெஸ்ட். நானே மூன்று முறை மெடிக்கலில் கேட்டு வாங்கி, எரிச்சல் நின்றதும் பாதியில் விட்டவள். நாலாவது முறை கல்ச்சர் எடுத்தால், அந்த மாத்திரைக்குக் கிருமி அசையவே இல்லை! லேப்பில் தரும் டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். கழுவிய ஊறுகாய் பாட்டில் வேண்டாம். தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். 2 மணி நேரத்துக்குள் லேப்பில் கொடுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். டாக்டர் அதற்கு முன்பே மாத்திரை தொடங்கலாம். சொன்ன நாள் வரை முழுசாகப் போடுங்கள்.

அப்புறம் தண்ணீர். ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த பெண்கள் தினமும் இன்னும் ஒன்றரை லிட்டர் சேர்த்துக் குடித்ததில் தொற்று ஏறக்குறைய பாதியானது என்று 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. நீராகாரமும் மோரும் கணக்கில் சேரும். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

3 மணி நேரத்துக்கு ஒருமுறை போய்விடுங்கள். எங்கள் நடவுக்காரப் பெண்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பழைய புடவை கட்டி மறைப்பு வைத்திருக்கிறார்கள். கழுவும்போது முன்னிருந்து பின்னாக. டெட்டால் வேண்டவே வேண்டாம். தாம்பத்தியத்துக்குப் பிறகும் ஒருமுறை போய் வாருங்கள்.

மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உதவும், டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை, கல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நடவுக்கு ஓர் ஆள் குறைந்தால் குறையட்டும்.