பூட்டன் பேரைத் தேடுகிறீர்களா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பேர் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்காது. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடுவாரி விவரம் ரகசியம்; வெளியே வருவது மொத்த எண்ணிக்கைதான்.

நெல்லைப் பக்கம் அதைவிடக் கைகொடுப்பவை பழைய பத்திரங்கள். முதலில் பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "இன்னார் பேரன், இன்னார் குமாரன்" என்று சில சமயம் மூன்று தலைமுறை ஒரே வரியில் வந்துவிடும். பத்திரம் தொலைந்துவிட்டதா? சர்வே எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் (அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள், அப்புறம் பத்திர நகல் கேட்கலாம். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் பிரிந்தவை என்பதால், பழைய தாள்களில் திருநெல்வேலி ஜில்லா என்றே இருக்கும்.

பிறப்புப் பதிவில் குழந்தையின் பேர் பெரும்பாலும் இருக்காது. அப்பா பேரையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் சபையில் பதிவேடு உண்டு. மற்றவர்களுக்குப் பழைய கல்யாணம் பதிவாகியிருப்பது அபூர்வம். இங்கே எல்லாருக்கும் அது கட்டாயமானதே 2009 சட்டத்துக்குப் பிறகுதான். அதனால் மொய் நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து எந்த மாமா வந்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.