இசன்ஹைம் பலிபீட ஓவியம்: இறையியல் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

இறையியலையும் கலையையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு, மத்தியாஸ் குரூனேவால்ட் 1512 முதல் 1516 வரை வரைந்த இசன்ஹைம் பலிபீடம் நல்ல பாடம். இன்று அது பிரான்ஸின் கோல்மார் நகரில், ஊண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் சில பிழைகள் அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகின்றன.

இணையத்தில் கிடைக்கும் சிலுவைக் காட்சியை மட்டும் பார்த்து எழுதுவதுதான் பெரிய பிழை. இந்தப் பலிபீடம் கதவுகள்போலத் திறந்து மூடும் ஓவியப் பலகைகளால் ஆனது; சிலுவைக் காட்சி கதவுகள் மூடிய நிலை, அவ்வளவுதான். முதல் கதவுகளைத் திறந்தால் மரியாளுக்குத் தூது, இசைக்கும் தேவதூதர்கள், குழந்தையோடு தாய், உயிர்த்தெழுதல். அடுத்த கதவுகளையும் திறந்தால் நடுவில் சிற்பி நிக்லாஸ் செதுக்கிய, எகிப்தியத் துறவி புனித அந்தோனியாரின் சிலை, இரு பக்கமும் அந்தோனியாரின் வாழ்க்கைக் காட்சிகள். சிலுவையில் பச்சை பாய்ந்து முள் தைத்துக் கிடக்கும் தோல், உயிர்த்தெழுதலில் பளிச்சென்று வெளுத்துவிடுகிறது; ஆணிக் காயங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மூடிய நிலையோடு நின்றவர் குரூனேவால்டைத் 'துயரத்தின் ஓவியர்' என்று முடித்துவிடுவார். அருங்காட்சியகத்தில் பலகைகளைத் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தியிருப்பதால் நேரில் போனாலும் வரிசை பிடிபடாது. படங்களை அச்செடுத்து, தூதுக் காட்சியையும் உயிர்த்தெழுதலையும் சிலுவைக் காட்சியின் இரு கதவுகளுக்குப் பின்னால் ஒட்டி, திறந்து மூடிப் பாருங்கள்.

அப்படித் திறக்கும்போது இன்னொன்றும் தெரியும். இரு கதவுகளும் சேரும் கோடு இயேசுவின் உடலைத் தவிர்த்து ஒரு கையின் குறுக்கே ஓடுகிறது. கை வெட்டப்படுவதுபோல இருக்கிறது என்று சிலர் விளக்குவார்கள். இசன்ஹைம் மடத்தின் மருத்துவமனையில் 'அந்தோனியார் நெருப்பு' என்ற நோய் கண்டவர்களைப் பராமரித்தார்கள். ரை தானியத்தில் வளரும் பூஞ்சையால் வரும் நோய் அது. உறுப்புகள் எரிந்து அழுகும், வெட்டியும் எடுப்பார்கள். ஆகவே அந்த விளக்கத்துக்கு இடமுண்டு. ஆனால் கோடு கையின் குறுக்கே ஓடுவது கண்ணால் காண்பது. ஓவியர் அதை எண்ணித்தான் செய்தார் என்பது ஊகம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காதீர்கள். உள்பலகையின் கீழ் மூலையில் வயிறு வீங்கி, உடலெங்கும் புண்ணோடு கிடக்கும் உருவத்தைச் சான்றாகக் காட்டினால் வாதம் வலுக்கும்.

அடுத்தது வசனம். யோவான் ஸ்நானகனின் காலடியில் ஆட்டுக்குட்டி நிற்பதால், அருகில் எழுதியிருப்பது 'இதோ, தேவ ஆட்டுக்குட்டி' என்று பலர் அனுமானித்துவிடுகிறார்கள். அங்கே லத்தீனில் இருப்பது யோவான் 3:30: 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்.' சிலுவைக்கு முன்பே தலை வெட்டப்பட்டவர் அங்கே எப்படி நிற்கிறார் என்று கேட்டு, அதை வரலாற்றுப் பிழையாகக் கணக்கெழுதுவதும் வீண். சாட்சி சொல்பவரை ஓவியர் காலம் கடந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். கற்பனை இங்கே இறையியலின் வேலையைச் செய்கிறது. வேதாகமத்தைத் திறக்கும் முன் அரை மணி நேரம் படத்தை மட்டும் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்கள், கைகள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று குறித்துக்கொண்டால் இதெல்லாம் தானாகக் கண்ணில் படும்.

இருபதாம் நூற்றாண்டு இறையியலாளர் கார்ல் பார்த் சிலுவைக் காட்சியின் அச்சைத் தன் மேசைக்கு மேல் மாட்டியிருந்தார்; யோவானின் நீட்டிய விரலைப் பற்றி எழுதியும் இருக்கிறார். அவரை மேற்கோள் காட்டலாம்தான். ஆனால் அது பார்த்தின் இறையியல். மருத்துவமனை நோயாளி எதைக் கண்டான் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

குரூனேவால்டைத் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் சீடராக்கி இந்த ஓவியத்தை விளக்குவதும் உண்டு. அவர் இறந்தபின் எடுத்த உடைமைப் பட்டியலில் லூத்தரின் எழுத்துகள் இருந்தன, உண்மைதான். ஆனால் லூத்தரின் 95 வாதங்கள் வந்தது 1517-இல். அதற்குள் பலிபீடம் முடிந்துவிட்டது. வரையச் சொன்னவர் மடத்துத் தலைவர் குயிதோ குவெர்சி. லூத்தரைத் தேடும் நேரத்தில் அந்த மடத்தின் வழிபாட்டையும் அந்தோனியார் பக்தியையும் படித்தால் உள்பலகைகள் புரியும்.