ஃபைட்டர் மீனுக்கு உடம்பு சரியில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நேற்றுவரை ஆளைக் கண்டதும் கண்ணாடியோரம் ஓடிவந்த மீன், இன்று துடுப்புகளை மடக்கிக்கொண்டு அடியில் கிடக்கிறது. தீனி போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. உடனே கடைக்கு ஓடி ஒரு நீல மருந்தை வாங்கி ஊற்றத்தான் தோன்றும். என் முதல் ஃபைட்டரை அப்படித்தான் இழந்தேன். அதற்கு நோயே இல்லை, தண்ணீர்தான் கெட்டிருந்தது.

முதல் படி: தண்ணீர்

டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். ஃபில்டரில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பெரும்பாலான புது மீன்கள் நோயில் விழுவது அந்த வாரங்களில்தான்.

ஃபைட்டர் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும், அதனால் சின்ன பாட்டிலே போதும் என்பார்கள். காற்றைச் சுவாசிப்பது உண்மைதான். ஆனால் அதன் கழிவு அதே பாட்டிலில்தானே கிடக்கிறது? கிட் இல்லாவிட்டால், ஃபில்டர் இல்லாத சின்ன பாட்டிலில் அம்மோனியா ஏறியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும், குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து கலந்திருக்கட்டும். வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் நிற்க வேண்டும். தினமும் இப்படி மாற்றினாலே பல மீன்கள் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும்.

இரண்டாம் படி: டார்ச் அடித்து உடம்பைப் பாருங்கள்

அறை விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். தங்கப்பொடி தூவியது போல மினுங்கினால் அது வெல்வெட் ஒட்டுண்ணி. சாதாரண வெளிச்சத்தில் இது கண்ணுக்குத் தப்பிவிடும். உப்புக்கல் ஒட்டியது போன்ற வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது இக் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். துடுப்பின் ஓரம் கறுத்தோ சிவந்தோ கரைந்துகொண்டே போனால் துடுப்பு அழுகல். ஓரம் சுத்தமாக இருந்து கிழிசல் மட்டும் தெரிந்தால், கூரான பிளாஸ்டிக் செடியில் மாட்டியிருக்கலாம், அல்லது மீனே கடித்திருக்கலாம். அதற்கு மருந்து வேண்டாம்.

மூன்றாம் படி: எதற்கு என்ன

துடுப்பு அழுகலின் தொடக்கத்தில், எதுவும் கலக்காத கல் உப்பு 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போதும். தனிப் பாத்திரத்தில் கரைத்து மெல்லச் சேருங்கள். பத்து நாளைத் தாண்ட வேண்டாம். தொட்டியில் செடியோ நத்தையோ இருந்தால் மீனைத் தனி டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். சாலையோரம் உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போட்டாலும் மீனுக்கு இதமாக இருக்கும்.

இக் வந்தால் வெப்பத்தை மெல்ல 30 டிகிரிவரை ஏற்றி, அதற்கான மருந்தைக் கொடுங்கள். தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். ஆகவே புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடருங்கள். வெல்வெட்டுக்குச் செம்பு கலந்த மருந்து. தொட்டியை இருட்டாகவும் வையுங்கள், ஏனென்றால் அந்த ஒட்டுண்ணி வெளிச்சத்தையும் உண்டு வாழ்வது. பஞ்சு போன்ற வெள்ளைத் திட்டு வேகமாகப் பரவினால் பூஞ்சை என்று நினைத்து ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் பாக்டீரியா. சூட்டை ஏற்றினால் இன்னும் மோசமாகும்.

வயிறு உப்பிச் சாய்ந்து நீந்துகிறதா? இரண்டு நாள் பட்டினி போடுங்கள். அதன் இரைப்பை ஏறக்குறைய அதன் கண்ணளவுதான், நாம்தான் அள்ளிப் போடுகிறோம். சரியாகவில்லை என்றால், 4 லிட்டரில் ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட், சமையல் உப்பு அல்ல) கரைத்து, மீனை அதில் பத்து நிமிடம் விட்டு எடுங்கள்.

உப்பிய வயிற்றோடு செதில்களும் பலாக்காய் முள் போலத் தூக்கி நின்றால் அது டிராப்ஸி. சிறுநீரகம் போய்விட்டதன் அடையாளம். மிகச் சில மீன்களே மீளும். தண்ணீரைச் சுத்தமாகவும் ஆழமில்லாமலும் வையுங்கள், மேலே வந்து மூச்சு வாங்க அது சிரமப்படக் கூடாது.

அப்புறம், துடுப்பு குணமாகும்போது ஓரத்தில் நிறமில்லாத மெல்லிய சவ்வு ஒன்று தெரியும். அது புதுத் துடுப்பு. நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி மருந்து பாட்டிலை எடுத்துவிடாதீர்கள்.