792 கார்டுகள், 88 பக்கங்கள்: உங்கள் முதல் பேஸ்பால் கார்டு செட்டைக் கையால் சேர்ப்பது எப்படி?

பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சின்ன அட்டைதான் பேஸ்பால் கார்டு. அதைச் சேர்க்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: டாப்ஸ் என்ற அமெரிக்கக் கார்டு கம்பெனியின் 1987 செட், அதாவது எண் போட்ட கார்டுகளின் முழு வரிசை. மரப்பலகை போல ஓரம் அச்சிட்ட கார்டுகள், மொத்தம் 792. மலைமலையாக அச்சடித்ததால் இன்றும் விலை மலிவு. கைதவறி ஒரு முனை மடங்கினாலும் தூக்கம் போகாது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் பாரி பாண்ட்ஸ், மார்க் மெக்குவயர், போ ஜாக்சன் மூவரும் மீசை அரும்பிய வயதில் இதில் இருக்கிறார்கள்.

பணம் வரும் என்று மட்டும் இறங்காதீர்கள். 1952 டாப்ஸ் செட்டின் மிக்கி மேன்டில் என்ற நட்சத்திர ஆட்டக்காரரின் கார்டு ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். ஆனால் அந்த செட்டில் விற்காமல் தேங்கியவற்றை 1960-இல் கடலில் கொட்டியதாக, அதை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார். 1987 கார்டுகளை ஊரே பத்திரமாக எடுத்து வைத்தது. அவை அரிதாக வாய்ப்பே இல்லை.

படி 1: ஒரு பெட்டி வாங்குங்கள்

பிரிக்காத பெட்டியில் 36 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 17 கார்டு, ஆக 612. கூடவே ஒரு சூயிங் கம் துண்டும் இருக்கும். தின்று பார்க்காதீர்கள், அது ஓடு மாதிரி இறுகியிருக்கும். கம்மை ஒட்டியிருந்த கார்டில் கறை இருக்கும். பாக்கெட்டைச் சுற்றிய மெழுகுத்தாளை ஒட்டியிருந்த கார்டில் மெழுகு படிந்திருக்கும். பழைய நைலான் காலுறையால் மெதுவாகத் தேய்த்தால் மெழுகு ஓரளவு போகும். கம் கறை போகாது. அந்தக் கார்டுக்கு வேறொன்று தேட வேண்டியதுதான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். தினம் இரண்டு பாக்கெட் போதும். மெழுகுத்தாள் விடுபடும் சத்தமும் பழைய அட்டையின் வாசனையும் இரண்டு வாரத்துக்கு மேல் கூட வரும்.

படி 2: எண் வாரியாக அடுக்குங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கார்டின் பின்பக்கம் எண் இருக்கும். முதலில் நூறு நூறாகப் பிரியுங்கள்: 1 முதல் 99, 100 முதல் 199 என்று எட்டுக் கட்டு. அப்புறம் ஒவ்வொரு கட்டையும் பத்துப் பத்தாக. கடைசியில் அந்தப் பத்தை வரிசைப்படுத்துவது சில நொடி வேலை. 792-ஐயும் நேரடியாக வரிசைப்படுத்த முயன்றால் தரை முழுக்கக் கார்டு பரவி, மின்விசிறிக் காற்றில் எல்லாம் கலைந்துவிடும்.

அடுக்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு ஆட்டக்காரர் எந்தெந்த ஊரில், எத்தனை வருடம் ஆடினார் என்ற கணக்கு முழுக்க அங்கே இருக்கும். ஒரே ஒரு வருடம் ஆடியவரின் வெறுமையான பின்பக்கத்தைப் பார்த்தால் எனக்கு இன்னமும் மனசு கனக்கும்.

படி 3: பட்டியல் போடுங்கள், பெட்டி வாங்குவதை நிறுத்துங்கள்

ஒரு நோட்டில் இல்லாத எண்களை மட்டும் எழுதுங்கள். கார்டுகள் நன்றாகக் கலந்திருந்தால், 612-இல் சுமார் 425 தான் வெவ்வேறானவை, மீதி டபுள்ஸ், அதாவது ஏற்கெனவே வந்தவை. இரண்டாவது பெட்டி உங்களை ஏறக்குறைய 620-க்குக் கொண்டுபோகும். அதற்கு மேல் பாக்கெட் பிரிப்பது வீண். பத்துக் கார்டு பாக்கி இருக்கும் நிலையில், புதிதாக ஒன்று கிடைக்கவே சராசரியாக ஐந்து பாக்கெட் பிரிக்க வேண்டும். ஒரே ஆட்டக்காரர் ஆறாவது முறையாக வரும்போது வரும் எரிச்சல், ரசித்துச் சேர்ப்பவரையும் சோர்ந்துபோக வைக்கும்.

மீதியைக் கார்டுக் கடையிலோ கண்காட்சியிலோ உதிரியாக வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் ஒரே விற்பனையாளரிடம் முப்பது நாற்பது சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் கார்டை விடத் தபால் செலவு கூடிவிடும்.

பார்சல் வந்த அன்றே எண்ணிப் பாருங்கள். முழு செட் என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்ற பெட்டியில் 791 தான் இருந்தன. நான் பிரித்து எண்ணியதே இரண்டு மாதம் கழித்து. அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருந்தது. இல்லாத எண் 320, பாரி பாண்ட்ஸ்.

படி 4: பக்கங்களில் போடுங்கள்

ஒன்பது பை உள்ள பிளாஸ்டிக் பக்கங்கள் வாங்குங்கள். பிவிசி வேண்டாம், நாளாக நாளாகக் கார்டைக் கெடுக்கும். ஒரு பையில் ஒரு கார்டு, முன்னும் பின்னும் தெரியும்படி. 792-ஐ ஒன்பதால் வகுத்தால் சரியாக 88 பக்கம், ஒரு பை கூட மிஞ்சாது. இந்தப் பக்கங்களைக் கோக்கும் கோப்பில் வளையம் வட்டமாக இல்லாமல் 'டி' வடிவில் இருக்கட்டும். வட்ட வளையம் முதல் சில பக்கங்களை வளைத்துவிடும். மர ஓரம் சீக்கிரம் உரிந்து வெள்ளை தெரியும், அதனால் முனையைப் பிடித்துத் திணிக்காமல் பையை விரித்துக் கார்டை நழுவ விடுங்கள். நிரம்பிய கோப்பை ஈரமில்லாத இடத்தில், புத்தகம் போல நிற்க வையுங்கள்.

இல்லாத எண்ணுக்கு உரிய பையைக் காலியாகவே விடுங்கள், அடுத்த கார்டைத் தள்ளிப் போடாதீர்கள். 320 வருவது 36-ஆம் பக்கத்தில், ஒன்பது பைகளின் நட்டநடுவில். ஏழு மாதம் அந்த ஓட்டை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு கண்காட்சியில் அந்தக் கார்டு கையில் கிடைத்தபோது வீட்டுக்கு வரும்வரை பொறுக்கவில்லை. கோப்பைக் காரிலேயே வைத்திருந்தேன்.