இரண்டு நெட்வொர்க் சுவிட்சுக்கு நடுவே லிங்க் லைட் எரியவில்லையா? கேபிளைக் குறை சொல்லும் முன்

அலுவலகத்தில் ஒரு புது நெட்வொர்க் சுவிட்சிலிருந்து (கம்ப்யூட்டர்களை கேபிளில் இணைக்கும் பெட்டி) பழைய 10/100 சுவிட்சுக்கு, அதாவது 100 எம்பிபிஎஸ் வரை மட்டும் போவதற்கு, கேபிள் இழுத்தேன். இரண்டு பக்கமும் லைட் எரியவில்லை. டெஸ்டரில் எட்டு கம்பியும் ஒழுங்காக இருக்கிறது, லேப்டாப்பில் செருகினால் அதே கேபிளில் நெட் நன்றாக ஓடுகிறது.

விஷயம் இதுதான். 100 எம்பிபிஎஸ் வரை கம்ப்யூட்டரும் ரவுட்டரில் இன்டர்நெட் கேபிள் செருகும் வேன் (WAN) போர்ட்டும் 1, 2 பின்களில் அனுப்பி 3, 6 பின்களில் வாங்கும், சுவிட்ச் போர்ட் அதற்கு நேர் எதிர், அதனால்தான் நேர் கேபிள் (இரு முனையிலும் ஒரே கம்பி வரிசை) போதுகிறது. ஆனால் சுவிட்சும் சுவிட்சும் நேர் கேபிளில் சேர்ந்தால் இரண்டுமே ஒரே ஜோடியில் பேசும், கேட்க ஆள் இருக்காது. இப்போது வரும் போர்ட்கள் ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் என்ற வசதி மூலம் அனுப்பும், வாங்கும் ஜோடிகளைத் தாங்களே மாற்றிக்கொள்ளும், அந்த வசதி ஒரு பக்கம் இருந்தாலே போதும்.

அப்புறம் ஏன் வரவில்லை? புது சுவிட்சின் செட்டிங்கைத் திறந்தால், அந்த போர்ட்டை யாரோ 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (100 எம்பிபிஎஸ், ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும்) என்று கையால் பூட்டி வைத்திருக்கிறார்கள். பல சுவிட்ச்களில் ஆட்டோ நெகோஷியேஷனை (இரு பக்கமும் பேசி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தாங்களே முடிவு செய்வதை) நிறுத்தினால் ஆட்டோ எம்டிஐ-எக்ஸும் நின்றுவிடும். ஆட்டோவுக்கு மாற்றியதும் லைட் வந்துவிட்டது.

வேகத்தைப் பூட்டும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு பக்கம் ஃபுல், மறுபக்கம் ஆட்டோ என்றால் ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது வாங்குவது மட்டும்) இறங்கும், லிங்க் இருக்கும், வேகம் மட்டும் படுத்துவிடும்.

இரண்டு பக்கமும் ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் இல்லாத பழைய பெட்டிகளா? சரி, ஒரு முனையில் டி568ஏ, மறுமுனையில் டி568பி என்ற கம்பி நிற வரிசையில் கனெக்டரை கிரிம்ப் செய்து கிராஸ் கேபிள் போடுங்கள்.