சேற்று மாதிரியில் இரும்பைப் பிடிக்கும் சேர்மங்களைக் கண்டறிவது எப்படி?

சதுப்புநிலச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் இரும்பைக் கவர்வதற்காகச் சுரக்கும் சிடரோஃபோர்களை, ஆயிரக்கணக்கான பிற சேர்மங்களுக்கு இடையிலிருந்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) கொண்டு பிரித்தறியும் வழியை இங்கே விளக்குகிறேன். எல்சி-எம்எஸ் கருவியை (நீர்மக் குரோமட்டோகிராஃபியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் இணைந்தது) இயக்கத் தெரிந்தவர்களுக்கு இது போதும். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் மாதிரி எடுப்பதாக இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.

படி 1: இரும்பு குறைந்த ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்து, வடிகட்டிய நீர்மத்தைச் சி18 பொதியில் (கரிமச் சேர்மங்களைப் பிடித்துவைக்கும் சிறு குழாய்) ஏற்றி, மெத்தனாலால் இறக்குங்கள். அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் குப்பிகளையே பயன்படுத்துங்கள்.

படி 2: பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் ஃபெரிக் குளோரைடு சேர்த்து, படிவை மையவிலக்கில் நீக்குங்கள். ஃபார்மிக் அமிலம் கலந்த கரைப்பானில் டெஸ்ஃபெரியாக்சமின் போன்ற சிடரோஃபோர்கள் இரும்பை விடாமல் பிடித்திருக்கும். எண்டெரோபாக்டின் போன்ற கேட்டகோல் வகையினவோ எளிதில் விட்டுவிடும். அவற்றுக்கு நடுநிலை பிஹெச் உள்ள அம்மோனியம் அசிட்டேட்டே ஏற்றது.

படி 3: இதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். இரும்பு ஏறும்போது மூன்று புரோட்டான்கள் வெளியேறுவதால், ஒற்றை மின்னூட்ட அயனியின் நிறை 52.9115 டால்டன் (அணு நிறை அலகு) கூடும். டெஸ்ஃபெரியாக்சமின் பி 561.3606 இலிருந்து 614.2721 க்கு நகரும். இரும்பு-54 ஐசோடோப்பின் சிறு முகடு, முதன்மை முகட்டுக்கு 1.9953 டால்டன் கீழே, ஏறத்தாழ 6.4 விழுக்காடு உயரத்தில் நிற்க வேண்டும். இரண்டு ஹைட்ரஜன் குறைந்த ஒப்புமைச் சேர்மமும் கீழேதான் தோன்றும். ஆனால் அதன் இடைவெளி 2.0157. இவ்விரண்டையும் பிரித்துக்காட்ட, 614 நிறையில் 30,000 க்குக் குறையாத பிரிதிறன் தேவை. ஆகவே உயர் பிரிதிறன் கொண்ட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரான ஆர்பிட்ராப் கருவியையே நான் பரிந்துரைப்பேன். முதன்மை முகடும் இரும்பு-54 முகடும் ஒரே நேரத்தில், ஒரே வடிவத்தில் எழுகின்றனவா என்றும் பாருங்கள்.

மென்பொருளுக்கு எம்இசட்மைன் என் தெரிவு, அது இலவசம். ஆனால் இரைச்சல் வரம்பை உயர்த்தி வைத்தால் அந்தச் சிறு முகடு வெட்டுப்பட்டுப் போகும். எனவே மூல நிறமாலையைத் திறந்து கண்ணாலேயே சரிபாருங்கள்.

பின்சேர்க்கை: செம்புக்கும் இது பொருந்துமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பொருந்தும்; ஆனால் செம்பு-65 முகடு 1.9982 மேலே, ஏறத்தாழ 45 விழுக்காடு உயரத்தில் வரும். குளோரின் முகடும் 1.9970 மேலே, 32 விழுக்காட்டில் வருவதால், இடைவெளியை மட்டும் நம்பாமல், செம்பு சேர்த்த பாதியில் 60.9139 டால்டன் நகர்வும் தென்படுகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.