இலங்கை மலைநாட்டுல பழைய பெட்ரோல் பம்ப் தேடுறவங்களுக்கு: எப்படி இனம் கண்டுபிடிக்கிறது, எப்படி வாங்கி வைக்கிறது

பழைய பெட்ரோல் பம்ப் ஒன்னு எங்கயாவது கண்ணுல பட்டுச்சுன்னா முதல்ல அத அப்படியே விட்டுட்டு சுத்தி வந்து பாருங்க. தண்ணி அடிச்சு கழுவாதீங்க, வயர் ப்ரஷ் போடாதீங்க, பெயிண்ட் அசிங்கமா இருக்குன்னு சுரண்டிடாதீங்க. நம்ம மலைநாட்டுல கெடக்கிற பம்புக்கு பில்லோ போட்டோவோ சேர்ந்து கிடைக்கிறது ரொம்ப அபூர்வம், அதோட உடம்பு மட்டும் தான் சாட்சி, அந்த பெயிண்ட், அந்த பித்தளை ப்ளேட், அந்த ஈய சீல், இத அழிச்சிட்டா அது எந்த ரோட்டுல நின்னுச்சு யாருக்கு எண்ணெ அடிச்சுச்சுன்னு சொல்ல எதுவுமே மிஞ்சாது.

பெயிண்ட எப்படி படிக்கிறதுன்னா, கதவுக்கு உள்பக்கமோ அடித்தட்டு ஓரமோ வெளிய தெரியாத ஒரு எடத்துல, ஒரு ரூபா குத்தி அளவுக்கு மட்டும், நைஸ் சாண்ட்பேப்பர தண்ணியில நனைச்சு மெதுவா தேய்ங்க. நடுவுல இரும்பு தெரிய ஆரம்பிச்சதும் நிப்பாட்டிடுங்க, சுத்தி வளையம் வளையமா ஒவ்வொரு பெயிண்ட் கோட்டும் தெரியும். கட்டாயம் தண்ணி போட்டு தான் தேய்க்கணும், பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும், காஞ்ச தூசி மூச்சுல போனா நல்லதில்ல, சின்ன புள்ளைங்க இருக்கிற வீட்டு முத்தத்துல செய்யவே செய்யாதீங்க. இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் 1961 சட்டத்துல உருவாச்சு, 1962ல ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் கம்பனிங்களோட சொத்துங்கள எடுக்க ஆரம்பிச்சாங்க, 1964க்குள்ள நாட்டு யாவாரம் முழுசும் கூட்டுத்தாபனம் கைக்கு வந்திருச்சு. அதனால அடியில ஷெல்லோட மஞ்சளும் சிவப்பும் இருந்து அதுக்கு மேல வேற கோட்டு வந்திருந்தா, அது அந்த கைமாத்தத்துக்கு முந்தியே இங்க நின்ன பம்பா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கம்பனி கலரே இல்லாம ஒரே கலரா இருந்தா அது தேயிலை தோட்டத்து பம்பா இருக்கலாம், தோட்டத்துல கையில இருந்த பெயிண்ட தான் அடிச்சாங்க, அதனால கலர மட்டும் வச்சு முடிவு கட்டிடாதீங்க.

அடுத்தது உருவம். பெட்ரோலுக்கு முன்னாடியே பம்ப் வந்திருச்சு, அமெரிக்காவுல ஃபோர்ட் வேன் ஊர்ல சில்வேனஸ் பவுசர்ங்கிறவரு 1885ல செஞ்சது மண்ணெண்ணெ அளக்கத் தான், காரு வந்ததுக்கப்புறம் அதே யோசனை பெட்ரோலுக்கு மாறிச்சு. ஆரம்ப காலத்து பம்பு ஒசரமா, ஒல்லியா, பெரும்பாலும் வார்ப்பிரும்புல இருக்கும், பக்கத்துல சுத்துற கைப்பிடியோ முன்னும் பின்னும் ஆட்டுற லீவரோ இருக்கும், கைப்பிடிய ஒரு தடவ முழுசா அடிச்சா இவ்வளவுன்னு உள்ளுக்குள்ளயே கணக்கு. ஆனா வாங்குறவருக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, நம்பிக்கை இல்ல, அதனால தலையில கண்ணாடி சிலிண்டர் வச்ச பம்பு வந்துச்சு, 1920கள் தான் அதுக்கு நல்ல காலம். கையால அடிச்சு மேல ஏத்தி, கண்ணாடியில அளவு கோட பாத்துட்டு, தன் பாரத்துல கீழ இறக்கி விடுவாங்க. அமெரிக்க பம்புல பத்து கேலன் புடிக்கிற ஒரே பெரிய கண்ணாடி ரொம்ப சாதாரணம், ஐரோப்பா பக்கம் ரெண்டு சின்ன கண்ணாடி வச்சு ஒன்னு நிறையும்போது மத்தது காலியாகிற மாதிரியும் செஞ்சாங்க. அதுக்கப்புறம் கரண்ட் மோட்டரும் கடிகாரம் மாதிரி பெரிய முள்ளும் வச்ச பம்பு, அப்புறம் 1930கள்ல இருந்து அளவோட சேத்து காசையும் கணக்கு போட்டு காட்டுற பம்பு. அந்த கணக்குப்பெட்டியில வீடர்-ரூட்னு பேர் போட்டிருந்தா அது கணக்குப்பெட்டி செஞ்ச கம்பனி, பம்பு கம்பனி இல்ல, நெறைய பேரு அத பம்போட பேருன்னு நெனச்சு விக்கிறாங்க. பம்பு கம்பனி பேருன்னா வேன், டோக்கைம், கில்பார்கோ, பவுசர் இதெல்லாம் அமெரிக்கா, ஏவரி-ஹார்டோல், பெக்மீட்டர் இதெல்லாம் இங்கிலாந்து.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். கொழும்புலயும் ஆன்லைன்லயும் "இலங்கையில பாவிச்ச பழைய பம்பு"ன்னு விக்கிற சாமான் எல்லாமே இங்க பாவிச்சது இல்ல. கணக்குப்பெட்டி முகத்துல ஷில்லிங், பென்ஸ் இருந்தா அது இங்க நின்னது இல்ல, பெரும்பாலும் இங்கிலாந்துல நின்னது, ஏன்னா நம்ம நாட்டுல வெள்ளக்காரன் காலத்துலயே, 1872ல இருந்தே ரூபாயும் சதமும் தான். அதே மாதிரி பம்பு தலையில உள்ள பல்பு வச்சு எரியிற கண்ணாடி குளோபோட கழுத்துல ஷெல்-மெக்ஸ் அண்ட் பிபி கம்பனிக்கு சொந்தம், கேட்டா திருப்பி தரணும்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தா அதுவும் இங்கிலாந்து சாமான், அந்த கம்பனி 1932ல இருந்து அங்க யாவாரம் செஞ்ச கம்பனி. அப்படி ஒன்னு வாங்குறது தப்பு இல்ல, அழகா இருக்கும், ஆனா "ஹட்டன் பெட்ரோல் ஷெட்டுல நின்னது"ங்கிற கதைக்கு தனியா காசு குடுக்காதீங்க.

எந்த நாட்டு பம்புன்னு கேலன் வச்சும் கண்டுபுடிக்கலாம். நம்ம நாட்டுல எழுபதுகள்ல மெட்ரிக் அளவுக்கு மாற ஆரம்பிக்கிற வரைக்கும் ஓடினது இங்கிலீஷ் கேலன், 4.546 லீட்டர். அமெரிக்க கேலன் 3.785 லீட்டர் தான். கண்ணாடி சிலிண்டர் உள்ள பம்புன்னா, உள்விட்டத்துல பாதிய அதே பாதியால பெருக்கி, 3.14ஆல பெருக்கி, ரெண்டு கேலன் கோட்டுக்கு நடுவுல இருக்கிற ஒசரத்தால பெருக்குங்க, எல்லாம் சென்டிமீட்டர்ல. 4,546 பக்கம் வந்தா இங்கிலீஷ் அளவு, 3,785 பக்கம் வந்தா அமெரிக்க அளவு. டேப்பும் ஃபோன் கல்குலேட்டரும் போதும், யாவாரி முன்னாடியே செஞ்சு பாக்கலாம். இன்னொன்னு நட்டு போல்ட்டு. பழைய இங்கிலீஷ் பம்புல விட்வர்த்ங்கிற இங்கிலாந்து அங்குல மரை தான் இருக்கும், 13, 17ன்னு மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டா சரியா உக்காராது, ஒன்னு லூசா ஆடும் இல்லாட்டி ஏறவே ஏறாது. பழைய இங்கிலீஷ் பம்புன்னு சொல்றதுல மூடி, கதவு, அடித்தட்டு எல்லாத்துலயும் மில்லிமீட்டர் போல்ட்டா இருந்தா சந்தேகப்படுங்க, ரெண்டு மூணு மட்டும் இருந்தா நம்ம கராஜ் மெக்கானிக் பாஸ் மாத்தியிருப்பாரு, அது பரவாயில்ல, அதுவும் அந்த பம்போட வாழ்க்கை தானே.

போலி சாமான்னு பாத்தா குளோப் தான் அதிகம். பழைய குளோப் கனமான பால் கண்ணாடி, கழுத்து ஓரம் இரும்புல உரசி சின்ன சின்ன சிராய்ப்பு, உள்ள பல்பு சூட்டோட தூசி படிஞ்ச அடையாளம் இருக்கும், புதுசு பிளாஸ்டிக்கா இருக்கும் இல்லாட்டி கழுத்து கத்தி வச்ச மாதிரி சுத்தமா இருக்கும். துருவும் பாருங்க, நம்ம மழைக்கு தண்ணி தேங்குற அடித்தட்டும் கதவு கீழ்விளிம்பும் தான் முதல்ல அரிக்கும், மேல கீழ எல்லா எடமும் ஒரே அளவு துருன்னா அது அசிட் வேலை.

எங்க தேடுறதுன்னு கேட்டா, டவுன் ஷெட்டுங்க எல்லாம் எப்பவோ புது மெஷினுக்கு மாறிட்டாங்க, அங்க நேரா போய் கேக்குறதுல பெருசா கிடைக்காது. பேராதனைல இருந்து கம்பளை, புசல்லாவ, ரம்பொடை வழியா நுவரெலியா, பதுளைக்கு போற ரோடும், அவிசாவளைல இருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியா வர்ற ரோடும் தான் லொறி ஏறின பழைய பாதை, அந்த பாதையில மூடிப்போன கராஜ், பழைய பஸ் கம்பனி கொட்டில், கடைக்கு பின்னால பத்தைக்குள்ள நிக்கிற சிமெண்ட் மேடை, இதெல்லாம் பாத்துக்கிட்டே போங்க. பென்ஷன் எடுத்த லொறி டிரைவர் தாத்தாமாரு யாராவது இருந்தா பக்கத்துல உக்காந்து கேளுங்க, எந்த ஷெட்டுல கையால அடிச்சாங்க, எந்த முதலாளி கஞ்சன்னு வரைக்கும் சொல்லுவாங்க, அத ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கங்க, அவங்க அனுமதியோட.

ஆனா உண்மையா நம்ம பக்கத்து பொக்கிஷம் இஸ்டோருக்குள்ள, அதாவது தோட்டத்து தேயிலை ஃபேக்டரிக்குள்ள தான் இருக்கு. ரஸ்டன், பிளாக்ஸ்டோன் மாதிரி எண்ணெ என்ஜின் வச்சு இஸ்டோர் ஓடின காலத்துல பீப்பாயில இருந்து மேல் டேங்குக்கு எண்ணெ ஏத்த செமி-ரோட்டரி பம்புன்னு ஒன்னு வச்சிருப்பாங்க. வட்டமான வார்ப்பிரும்பு உடம்பு, முன்பக்கம் மூடி சுத்தி போல்ட்டு, நடுவுல இருந்து நீளமான கைப்பிடி, அத இடமும் வலமும் ஆட்டுனா உள்ள இருக்கிற பித்தளை இறக்கை எண்ணெய தூக்கும், உடம்புலயே சைஸ் நம்பர் வார்த்திருக்கும். ஷெட்டு பம்பு மாதிரி பளபளப்பு இல்லாததால யாரும் சேக்குறதில்ல, கிலோ கணக்குல போயிடுது. எனக்கு இதுங்க மேல தான் ஆசை அதிகம், நம்ம ஆளுங்க கை பட்டு பட்டு கைப்பிடி தேஞ்சிருக்கிறத தொட்டு பாத்தா தெரியும். புதுசா சேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கும் இது தான் நல்லது, எடம் புடிக்காது, த்ரீவீல்லயே கொண்டு வந்திடலாம், இறுகிப் போயிருந்தா மண்ணெண்ணெயில சில நாள் ஊற வச்சு மரச்சுத்தியலால மெதுவா தட்டுனா பெரும்பாலும் விட்டுக்குடுக்கும். இதோட ரெண்டு கேலன் பெட்ரோல் தகர கேனும் பாருங்க, பம்பு வர்றதுக்கு முந்தி பெட்ரோல் அதுல தான் வித்தாங்க, பக்கத்துல கம்பனி பேரு எம்பி நிக்கும், பித்தளை மூடி, வேலர் கம்பனி கேன்னா அடியில மாசமும் வருஷமும் குத்தியிருக்கும், 8 32ன்னா 1932 ஆகஸ்ட்.

பழைய இரும்பு யாவாரிமாரோட பழக்கம் வச்சுக்கணும். அவங்க கைக்கு பம்பு வந்தா முதல்ல கழட்டுறது பித்தளை தான், ப்ளேட், நொசில், மீட்டர் எல்லாம் தனியா போயிடும், மிச்சம் வெறும் கூடு. அதனால முன்கூட்டியே போட்டோ காட்டி, உடைக்காம வச்சா பித்தளைக்கு கிடைக்கிறத விட கூட தாறேன்னு சொல்லி வைங்க, சொன்ன மாதிரி குடுங்க.

தோட்டத்து சாமான் வாங்குறப்போ ரொம்ப கவனம். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துல தோட்டங்க அரசாங்கத்துக்கு போச்சு, 1992ல இருந்து கம்பனிங்க நடத்துது, அதனால இஸ்டோர் மூலையில துருப்புடிச்சு கெடந்தாலும் அது காவல்காரரோ டீமேக்கரோ தூக்கி குடுக்கக்கூடிய சாமான் இல்ல. தோட்டத்து மெனேஜர் தொரைகிட்ட கடிதம் குடுத்து கேளுங்க, கம்பனி பில் இல்லாட்டி எழுத்துல அனுமதி, அதுல சாமானோட விவரம், திகதி, லொறி நம்பர் எல்லாம் இருக்கணும், ரோட்டுல பொலிஸ் மறிச்சா காட்ட வேணும். பில் இல்லாம குடுத்த நல்ல மனுஷனுக்கு வேலை போயிடக்கூடாது, அத யோசிங்க.

கொண்டு வந்ததும் வெல்டிங், கிரைண்டர் பக்கமே கொண்டு போகாதீங்க. பல வருஷமா சும்மா நின்ன பம்புலயும் குழாய்லயும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், அது காத்த விட பாரம், கீழ தான் கெடக்கும், ஒரு பொறி போதும். காத்தோட்டமான வெளிய வச்சு, ஹோஸ், வடிகட்டி, மீட்டர் எல்லாத்தையும் கையால கழட்டி, மிச்ச எண்ணெய வடிச்சு, திறந்த மேனிக்கு நல்லா காய விடுங்க. நம்ம நாட்டுல ஈயம் கலந்த பெட்ரோல 2002ல தான் நிப்பாட்டினாங்க, அதனால உள்ள படிஞ்ச கசட்ட வெறுங்கையால தொடாதீங்க, கையுறை போடுங்க. சாம்பல் கலர்ல நார் நாரா பழைய பேக்கிங் இருந்தா அது கல்நாரா இருக்கலாம், நனைச்சு எடுத்து பையில கட்டி வைங்க, ஊதாதீங்க.

பெயிண்ட் அடிச்சே ஆகணும்னா காலத்த பாத்து அடிங்க. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் பெப்ரவரி, மார்ச் தான் காஞ்ச காலம், பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் ஜூலை, ஆகஸ்ட். பனி மூட்டத்துல அடிச்ச லேக்கர் பெயிண்ட் பால் மாதிரி வெளுத்து போயிடும். என் கருத்து கேட்டா பண்டாரவளை பக்கத்து பம்போ ஹட்டன் பக்கத்து பம்போ, முன்முகத்துல பழைய பெயிண்ட் பாதிக்கு மேல மிஞ்சியிருந்தா புதுசா அடிக்கவே வேணாம், துரு எடத்த மட்டும் சுத்தம் பண்ணி மெழுகு பூசுங்க, மழை படாத திண்ணையில தரையில இருந்து நாலு அங்குலம் ஒசத்தி பலகை மேல வைங்க. ஈய சீல் இருந்தா கம்பிய அறுக்காதீங்க, அளவு சோதிச்ச முத்திரை அதுல தான் இருக்கும். ப்ளேட் நம்பர், மரை வகை, பெயிண்ட் வளையத்தோட போட்டோ, எங்க இருந்து வந்துச்சு, யாரு குடுத்தாங்க, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி பிளாஸ்டிக் உறையில போட்டு பம்பு கதவுக்கு உள்ள ஒட்டி வைங்க, உங்களுக்கு அப்புறம் வாங்குறவரு திருப்பி சாண்ட்பேப்பர் எடுக்க வேண்டி வராது.